நூற்றைந்தே முக்கால் விநாடி

கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து பாருங்கள். ஆயிற்றா? அதற்குப் பிடித்த நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் நம்மால் மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்ட முடியாது. ஆனால் ஆஸ்திரியா தேசத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை, அந்த மூன்றில் ஒரு பங்கு விநாடியை மிச்சம் பிடித்து உலகப் புகழ் பெற்றுவிட்டார்! அவருடைய தேசத்து ஜனங்கள் அவரைச் 'சக்கரவர்த்தி ஃபிரான்ஸ்' என்றே கொண்டாடினார்கள்.

அவர் பெயர் ஃபிரான்ஸ் க்ளாமர். பனிமலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்குச் சறுக்கிக்கொண்டே இறங்கும் பந்தயத்தில், அவருக்கு நிகராக வெற்றிகளைக் குவித்த ஆண்மகன் இன்றுவரை இல்லை. உலகக் கோப்பைக்கான மலையிறக்கப் பந்தயங்களில் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் 25. அவர் ஓய்வு பெற்ற வருஷம் 1985. அதற்குப் பிறகு எத்தனையோ வீரர்கள் வந்து போய்விட்டார்கள். அந்த 25-ஐ ஆண்களில் ஒருவரும் எட்டிப் பிடிக்கவில்லை!

காலில் இரண்டு பலகை

பனியையே கண்ணால் காணாத நமக்கு இந்த விளையாட்டைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும்.

ஒவ்வொரு காலிலும் ஒரு நீண்ட பலகை. ஸ்கீ என்று அதற்குப் பெயர். மலையிறக்கப் பந்தயக்காரர்கள் பூட்டிக்கொள்ளும் ஸ்கீயின் நீளம் இரண்டு மீட்டருக்கும் மேல். அதாவது ஆளைவிட உயரம்! இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். தலையில் கவசம். உடம்போடு ஒட்டிய மெல்லிய உடை. காற்று பிடித்து இழுக்கக் கூடாது அல்லவா?

பந்தயக்காரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். பக்கத்தில் போட்டிக்கு ஆள் கிடையாது. எதிராளி கடிகாரம் ஒன்றுதான். அந்தக் கடிகாரம் விநாடியை நூறு கூறாக்கிக் கணக்குப் பார்க்கும். வழியில் ஆங்காங்கே கொடிக் கம்பங்கள் நட்டிருக்கும். அவற்றுக்கு இடையே புகுந்து வரவேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஓடியது வீண். இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. ஒரே ஓட்டம், அதோடு சரி.

வேகம் எவ்வளவு என்கிறீர்கள்? மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்! மோட்டார் வண்டியில் அந்த வேகத்தில் போனாலே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இங்கே வண்டியும் இல்லை, பிரேக்கும் இல்லை. கால் முழங்காலை மடக்கி, முதுகைக் குனிந்து, உடம்பை ஒரு முட்டைபோல் குறுக்கிக்கொண்டு, கண்ணாடிபோல் இறுகிப்போன பனியில் பாயவேண்டும். மேடு வந்தால் ஆகாயத்தில் பறக்கவேண்டும். பறந்துவிட்டு இரண்டு காலிலும் வந்து நிற்கவேண்டும். தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த மலைகளே நினைவில் வைத்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்துக்குப் பாதை

ஆஸ்திரியாவின் தென்பகுதியில் கரிந்தியா என்று ஒரு மாகாணம். அங்கே மூஸ்வால்ட் என்ற மலைக் கிராமத்தில், 1953-ம் வருஷம் டிசம்பர் 3-ம் தேதி ஃபிரான்ஸ் பிறந்தார். பெற்றோர்களுக்கு விவசாயம், கூடவே ஒரு விடுதியும் நடத்திவந்தார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் பையன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதில்லை. ஸ்கீயைக் கட்டிக்கொண்டு சறுக்கியே போய்விடுவான்! கோடைகாலத்தில் வயல் வேலையும் விடுதி வேலையும் காத்திருக்கும்.

மற்ற ஊர்களில் பிள்ளைகள் எட்டு வயதிலேயே பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஃபிரான்ஸ் பந்தயத்தில் இறங்கியபோது வயது பதினாலு. அது மட்டுமா? ஆஸ்திரியாவின் தேசிய அணி என்றால் டிரோல், ஃபோரார்ல்பெர்க் என்ற மேற்கு மாகாணங்களின் சொத்து என்ற நிலைமை. கரிந்தியாக்காரனுக்கு அங்கே இடம் கிடைப்பது சுலபமல்ல. பையன் விடவில்லை. முட்டி மோதி, 1972-ல், பதினெட்டாவது வயதில் அணிக்குள் நுழைந்துவிட்டார்.

அடுத்த வருஷம் டிசம்பரில், ஷ்லாட்மிங் என்ற இடத்தில் முதல் உலகக் கோப்பைப் பந்தய வெற்றி. 1974-ல் செயின்ட் மோரிட்ஸில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயங்களில் மலையிறக்கத்தில் இரண்டாவது இடம். பல பந்தயங்களைக் கூட்டிக் கணக்கிடும் பிரிவில் தங்கப் பதக்கம். "யார் இந்தப் பிள்ளை?" என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒன்பதில் எட்டு

திரும்பிப் பார்த்தவர்கள் அதற்கடுத்த குளிர்காலத்தில் மூக்கில் விரலை வைத்தார்கள். 1974-75 பருவத்தில் உலகக் கோப்பைக்காக மொத்தம் ஒன்பது மலையிறக்கப் பந்தயங்கள் நடந்தன. அதில் எட்டில் க்ளாமருக்கே வெற்றி!

ஸ்விட்சர்லாந்தில் வெங்கன் என்ற ஊரில் இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே 3.54 விநாடி வித்தியாசம். நூற்றில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்ளும் விளையாட்டில் மூன்றரை விநாடி என்பது ஒரு யுகம். அதற்கு அடுத்தபடி ஆஸ்திரியாவில் கிட்ஸ்பியூலில் பந்தயம். உலகத்திலேயே மிகப் பயங்கரமான இறக்கம் என்று பெயர் வாங்கிய மலை அது. அங்கே இத்தாலிய வீரர் குஸ்தாவ் தோனியை அவர் ஜயித்தது எவ்வளவில் தெரியுமா? 0.01 விநாடியில்! தூரக் கணக்கில் பார்த்தால் ஒரு முழம்கூட இருக்காது.

ஒன்பதாவது பந்தயம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? பிரான்ஸ் தேசத்தில் மெஷேவ் என்ற இடத்தில், பாதி வழியில் அவருடைய ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொண்டுவிட்டது. பூட்டு விட்டுப் போன அந்த ஒரு கணத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. பருவ முடிவில், எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய கோப்பைக்கு தோனி, ஸ்வீடன் வீரர் ஸ்டென்மார்க், க்ளாமர் மூவரும் சமமான புள்ளிகளுடன் வந்து நின்றார்கள். கடைசிப் பந்தயமோ வளைந்து நெளிந்து இறங்கும் ஸ்லாலம் வகையைச் சேர்ந்தது. அது க்ளாமருடைய கோட்டையல்ல. கோப்பை தோனிக்குப் போயிற்று. மெஷேவில் அந்தப் பூட்டு மட்டும் நின்றிருந்தால்! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆனால் அதே மலைகள் வேறு சிலரிடமிருந்து கோப்பையைவிடப் பெரியதைப் பறித்துக்கொண்டன. க்ளாமருக்கு முன்பு இந்தப் பந்தயத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ரோலண்ட் கொலம்பான் என்ற ஸ்விட்சர்லாந்து வீரர். 1974 டிசம்பரில், வால் திஸேர் மலையில் ஒரு மேட்டில் எகிறி விழுந்து முதுகில் அடிபட்டார். தேறி வந்தார். மறு வருஷம் அதே மலை, அதே மேடு, மறுபடியும் விழுந்தார். அத்துடன் அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்துவிட்டது. அந்த மேட்டுக்கே இன்று அவர் பெயர்தான்.

ஒரு தேசத்தின் பாரம்

1976-ம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் அமெரிக்காவில் டென்வர் நகரில் நடப்பதாக இருந்தன. செலவுக்குப் பணம் தரமாட்டோம் என்று அந்த மாநிலத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள்! பந்தயம் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகருக்கு வந்து சேர்ந்தது. மலை, பாட்ஷர்கோஃபல்.

அந்த மலைக்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் உண்டு. 1964-ல் அங்கே ஒலிம்பிக் நடந்தபோது, பயிற்சி ஓட்டத்தில் ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் மரத்தில் மோதி உயிரிழந்தார். அந்தப் பந்தயத்தில்தான் இந்தியாவின் பெயரும் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. போலந்து வம்சத்தவரான ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர் நம் தேசத்தின் சார்பில் அந்த மலையில் இறங்கினார். ஆனால் எல்லைக் கோட்டை எட்ட முடியவில்லை. அன்று தங்கம் வாங்கியவர் ஆஸ்திரியாவின் எகோன் ஸிம்மர்மான்.

அதற்குப் பிறகு ஆஸ்திரியாவுக்கு இந்தத் தங்கம் கிட்டவேயில்லை. 1968-ல் பிரெஞ்சு வீரர் கில்லி தட்டிக்கொண்டு போனார். 1972-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ரூஸி. அந்த வருஷம் ஆஸ்திரியாவின் பெரிய நம்பிக்கையாக இருந்த கார்ல் ஷ்ரான்ஸை, 'விளம்பரத்தில் பெயர் வந்துவிட்டது. நீர் பணத்துக்கு ஆடுபவர்' என்று காரணம் காட்டி, ஜப்பான் வரையில் வரவழைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானம் ஆஸ்திரியர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

இப்போது பந்தயம் சொந்த மண்ணில். சொந்தப் பிள்ளையோ உலகத்தையே ஜயித்துக்கொண்டிருக்கிறான். ஜயித்தால் 'எதிர்பார்த்ததுதானே!' என்பார்கள். தோற்றால்? அந்தக் கேள்வியைத் தோளில் சுமந்துகொண்டு, 22 வயதுப் பிள்ளை மலை உச்சிக்குப் போனார்.

பிப்ரவரி 5

மலையிறக்கத்தின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உச்சிக்கும் அடிக்கும் உயர வித்தியாசம் 870 மீட்டர். வழி நெடுக ஏறத்தாழ 60,000 பேர் திரண்டிருந்தார்கள்.

மூன்றாவதாகப் புறப்பட்டவர் பழைய சாம்பியன் ரூஸி. ஒரு பிசிர் இல்லாத ஓட்டம். 1 நிமிஷம் 46.06 விநாடி! பின்னால் வந்த ஒருவரும் அந்த நேரத்தை நெருங்கவில்லை. க்ளாமருக்குச் சீட்டில் விழுந்த எண் 15. முன்னால் போனவர்களின் ஸ்கீ கீறிக் கீறிப் பாதை கரடுமுரடாகிவிட்டிருந்தது. உச்சியில் நின்ற அவருக்கு ரூஸியின் நேரம் தெரியும். வெல்லவேண்டிய எண் கண் முன்னால் நிற்கிறது.

மஞ்சள் உடையில் ஓர் உருவம் மலையிலிருந்து பாய்ந்தது. பார்த்தவர்களுக்கு உயிரே இல்லை! அது சறுக்குவதாகவா தெரிந்தது? மலையோடு ஒரு மனிதன் மல்யுத்தம் செய்வதுபோல் இருந்தது. கைகள் இரண்டும் காற்றில் துழாவுகின்றன. ஒரு சமயம் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒரு சமயம் ஸ்கீ இரண்டும் இரண்டு திசையில் போகப் பார்க்கின்றன. இதோ விழப்போகிறார், இதோ விழுந்துவிட்டார் என்று கூட்டம் அலறுகிறது. அவர் விழவில்லை!

பாதி வழியில் கடிகாரம் கெட்ட செய்தி சொல்லிற்று. ரூஸியைவிடப் பின்தங்கிவிட்டார்! மிச்சம் இருப்பதோ ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அந்தக் கீழ்ப்பகுதியில்தான் க்ளாமர் ஒரு காரியம் செய்தார். பயிற்சியில் போய்ப் பழகிய வழியை விட்டுவிட்டு, வேலியை ஒட்டினாற்போல், தாம் அதுவரை போகாத ஒரு வழியில் பாய்ந்தார். நின்றால் தங்கம், தவறினால் ஆஸ்பத்திரி. நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

நின்றார். எல்லைக் கோட்டைத் தாண்டினார். கடிகாரம் நின்றது: 1 நிமிஷம் 45.73 விநாடி!

நூற்றைந்தே முக்கால் விநாடி. சராசரி வேகம் மணிக்கு 102 கிலோமீட்டருக்கு மேல். ரூஸிக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.33 விநாடி. ஆரம்பத்தில் சொன்னோமே, ஒரு கண்ணிமைப்பு. அந்த வேகத்தில் அது சுமார் ஒன்பது மீட்டர் தூரம். கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு ஓடி வந்தது. தங்கத்தைப் பறிகொடுத்த ரூஸியே வந்து அவரைத் தழுவிக்கொண்டார். எதிராளியாக இருந்த அந்த இருவரும் பின்னாலும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

தம்பி

கதையை இதோடு முடித்துவிட்டால் மங்களகரமாகத்தான் இருக்கும். ஆனால் வாழ்க்கை அப்படி முடிவதில்லையே!

ஃபிரான்ஸுக்கு ஒரு தம்பி. அண்ணன் காட்டிய வழியிலேயே அவரும் பந்தயத்தில் இறங்கியிருந்தார். 1977-ல் ஒரு மலையிறக்கப் பந்தயத்தில் தம்பி விழுந்தார். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தது, கால்கள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே விளையாட்டு, ஒரே துணிச்சல். அண்ணனுக்குக் கழுத்தில் தங்கம், தம்பிக்கு நாற்காலி. இன்ஸ்ப்ரூக்கில் அண்ணன் வேலியை ஒட்டிப் பாய்ந்தபோது விழாமல் நின்றதற்கும், தம்பி விழுந்ததற்கும் நடுவே இருந்தது எத்தனை அங்குலம்? அந்த அண்ணன் மறுபடி மலை உச்சியில் போய் நிற்கும்போது நெஞ்சில் என்னென்ன ஓடியிருக்கும்!

ஆனாலும் நின்றார். 1975, 1976 இரண்டு வருஷங்களிலும் பெற்ற மலையிறக்கக் கோப்பையை 1977-லும், 1978-லும் தக்க வைத்துக்கொண்டார். தொடர்ந்து நாலு வருஷம்!

ஆனைக்கும் அடி சறுக்கும்

பிறகு சறுக்கல் ஆரம்பித்தது. இது வேறு வகைச் சறுக்கல். வழக்கமான ஸ்கீயை விட்டு வேறு ஸ்கீக்கு மாறினார். அது காலுக்கு ஒத்துவரவில்லை என்றார்கள் சிலர். தம்பியின் கதி மனத்தைத் தின்கிறது என்றார்கள் வேறு சிலர். எதுவானால் என்ன? வருஷங்கள் ஓடின, வெற்றி மட்டும் வரவில்லை. நேற்று வரை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவருக்கு முன்னால் போனார்கள்.

1980 ஒலிம்பிக் வந்தது. இடம், அமெரிக்காவில் லேக் பிளாஸிட். பழைய சாம்பியன் பட்டத்தைக் காப்பாற்றப் போகவேண்டியவருக்கு அணியிலேயே இடம் இல்லை! நாலு வருஷத்துக்கு முன்னால் தோளில் தூக்கிக் கொண்டாடிய அதே தேசம், 'நீ வீட்டில் இரு' என்று சொல்லிவிட்டது. அங்கே தங்கம் வாங்கியவரும் ஆஸ்திரியர்தான், லியோனார்ட் ஸ்டாக். முதலில் பதிலாளாக அழைத்துச் செல்லப்பட்டவர் அவர். பயிற்சியில் காட்டிய வேகத்தால் இடம் பிடித்து, பதக்கத்தையும் பிடித்துவிட்டார்.

26 வயது. பெயரும் புகழும் ஏற்கெனவே கைக்கு வந்தாயிற்று. இந்த இடத்தில் மற்றொருவராக இருந்தால் ஸ்கீயைப் பரண்மேல் போட்டிருப்பார். ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தம்பியின் நாற்காலியைக் காட்டினாலே போதுமே, வாயடைத்துப் போயிருப்பார்களே! க்ளாமர் அப்படிச் செய்யவில்லை. புதிதாகச் சேர்ந்த பையனைப்போல் மறுபடி பயிற்சியில் இறங்கினார். பின்வரிசையில் நின்றார். தோற்றார். மறுபடி வந்தார். மறுபடி தோற்றார்.

1981 டிசம்பர். கொலம்பானை இரண்டு தடவை வீழ்த்திய அதே வால் திஸேர். ஏறக்குறைய நாலு வருஷத்துக்குப் பிறகு, பெயர்ப் பட்டியலின் உச்சியில் மறுபடி அந்தப் பெயர்: ஃபிரான்ஸ் க்ளாமர்!

1983-ல் மலையிறக்கக் கோப்பை ஐந்தாவது முறையாக அவர் வீட்டுக்கு வந்தது. 1984 ஜனவரியில் கிட்ஸ்பியூலின் பயங்கர மலையில், தம் முப்பதாவது வயதில், நாலாவது தடவையாக முதலில் வந்தார். அடுத்த மாதம் ஸாராயெவோ ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது பத்தாவது இடந்தான். தங்கம் அமெரிக்காவின் பில் ஜான்ஸனுக்கு. ஆனால் 'நீ வீட்டில் இரு' என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. 1985-ல் அவரே ஸ்கீயைக் கழற்றி வைத்தார்.

வேகத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் விடவில்லை. சில காலம் மோட்டார்ப் பந்தயங்களில் வண்டி ஓட்டினார். ஆனால் அவர் செய்த உயர்ந்த காரியம் வேறு. தம் பெயரில் ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தினார். விளையாட்டில் விழுந்து, உடல் முடங்கிப்போன வீரர்களுக்குக் கைகொடுப்பது அதன் வேலை. அந்த எண்ணம் எந்த நாற்காலியைப் பார்த்துப் பிறந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

மலையிலிருந்து இறங்க அவருக்குப் பிடித்தது நூற்றைந்தே முக்கால் விநாடி. உலகம் அதைத்தான் படம் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்க்கிறது. இறங்கிய பிறகு மறுபடி அந்த உயரத்துக்கு ஏற அவருக்குப் பிடித்தது நாலு வருஷம். அதைப் பார்க்கக் கூட்டம் இல்லை, கடிகாரமும் இல்லை. தங்கப் பதக்கம் உண்மையில் அதற்கல்லவா கொடுத்திருக்கவேண்டும்?